அன்று நீ தவறவிடவில்லை

கிளிநொச்சி

அன்பின் நண்பனுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். சிறுபோக அறுவடை முடிந்துவிட்டது. சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் எழுதலாம்.

மேசை என்றதும் உனக்கு விளங்கியிருக்கும். எங்கள் பகுதிப் பொடியன்களுக்காகப் பழைய ஸ்னூக்கர் மேசையொன்றை வாங்கிப் போட்டிருக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். வவுனியாவில் நீ கடைசிக் கறுப்புப் பந்தைத் தவறவிட்ட இரவு நினைவிருக்கிறதா? "பந்து துள்ளியது" என்றாய். "கை நடுங்கிவிட்டது" என்றேன் நான். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஒரு பந்தில், கியூக் கோலின் முனையில் பூசும் சோக் தூளை விரலால் தொட்டு வைத்து, வெள்ளைப் பந்தை அந்த இடத்தில் மோதவிட்டேன். வழக்கமான 'டக்' இல்லை. ஈரமரத்தில் தட்டியது போன்ற மந்தமான ஓசை. இரண்டு பந்தும் துள்ளின. துடைத்துவிட்டு அதே அடியை அடித்தேன். ஒன்றுமில்லை.

சுத்தமான பந்துகள் ஒன்றையொன்று வழுக்கியே விலகும். தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உருண்டுவரும் வெள்ளைப் பந்தின் முன்பக்கம் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் தூள் அகப்பட்டால் அந்த இறக்கம் மற்றப் பந்தைப் பற்றிக் கீழே அழுத்துகிறது; அது பலகையில் பட்டு எழும்புகிறது, வெள்ளையோ மேலே தள்ளப்படுகிறது. பந்தின் ஓரத்தில் படும்படி வெட்டி அடிக்கும்போது இதே பிடி பந்தைப் பக்கவாட்டிலும் இழுத்துவிடும். வெட்டு குறைந்து, பந்து பொக்கெட்டின், அதாவது மேசைக் குழியின், விளிம்பில் போய் நிற்கும். உன் கறுப்பு நின்றது அங்கேதான். மெதுவாக அடித்தால் இழுப்பு இன்னும் கூடும். நீ அன்று மெதுவாகத்தான் அடித்தாய்.

சோக் என்கிறோமே தவிர அது பள்ளிக்கூடத்து வெண்கட்டி அல்ல. 1897 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவை சிலிக்காவும் குருந்தக்கல் தூளும் சேர்ந்தது. கியூ முனைத் தோல் பந்தில் வழுக்காமல் பிடிக்கவே அதைப் பூசுகிறோம். அந்தத் தூள் வெள்ளைப் பந்தில் ஒட்டிக்கொண்டு, பிடி இருக்கவே கூடாத இடத்துக்கும் போய்விடுகிறது. கரம் பலகையில் வழுக்குவதற்கு மா தூவி வளர்ந்தவர்கள் நாங்கள். இது அதற்கு நேர்மாறு. பந்து துள்ளுவதற்கு நிலைமின்தான் காரணம் என்பவர்களும் உண்டு. கண்ணால் பார்த்த பிறகு நான் சோக்கின் பக்கம்தான். எங்கள் புழுதியையும் சந்தேகிக்காமல் விட மனமில்லை.

இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் பந்துகளைத் துடைக்கச் சொல்கிறேன். பொடியன்கள் சலித்துக்கொள்கிறார்கள், நான் விடுவதில்லை. பெரிய போட்டிகளில் நடுவர் வெள்ளைக் கையுறையோடு நின்று, ஆட்டக்காரர் கேட்டால் பந்தை எடுத்துத் துடைத்துக் கொடுப்பதை நீயும் பார்த்திருப்பாய்.

நீ வரும்போது நூல் உதிராத மெல்லிய துணி நாலைந்து கொண்டு வா. மாரி தொடங்குமுன் வந்தால் நல்லது. கறுப்பை அதே இடத்தில் வைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்