கரி ஓவியத்துக்கும் போட்டியில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அக்டோபர் 15, அப்துல் கலாம் பிறந்த நாளையொட்டி எங்கள் கடலோர ஊர்களில் நடக்கும் ஓவியப் போட்டிகளில் அவர் முகத்தை வரையும் மாணவர்கள், பெரும்பாலும் கோட்டுருவம் வரைந்து வண்ணம் நிரப்புவதோடு நின்றுவிடுகிறார்கள். கரியில் வரையப் பழகினால் முகத்தைப் பார்க்கும் முறையே மாறும் என்பது என் உறுதியான எண்ணம்.

கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, கண்குழி, மூக்கின் அடி, தாடையின் கீழ்ப்புறம் ஆகிய இருண்ட இடங்களை எளிதில் அழியும் மெல்லிய குச்சிக் கரியால் முதலில் அகலத் தீட்டிக்கொண்டு, பிறகு பிசைந்து பயன்படுத்தும் அழிப்பானால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெளிச்சத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்திச் செய்த கரி எளிதில் அழியாது என்பதால், கண்மணியின் ஆழ்ந்த கருமைக்கு மட்டும் இறுதியில் அது போதும். கலாமின் நரைமுடியை வெள்ளையால் தீட்டுவதைவிட, சுற்றியுள்ள இருளைக் கூட்டித் தாளின் வெண்மையை விட்டுவைப்பதே அழகு.

வழவழப்பான தாளில் கரி பிடிக்காது. சொரசொரப்பான தாள் வேண்டும். சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கரி புதிதன்று. ஆகவே, போட்டி நடத்துவோர் கரி உருவப்படத்துக்குத் தனிப்பிரிவு ஒதுக்கி, உரிய தாளையும் வழங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
மண்டபம்.