சிறுவர் கதை எழுதுவோருக்கும் வரைவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சிறுமி ஒருத்தியும் அவள் வளர்க்கும் நாயும் சேர்ந்து, வழிதவறி வந்த இன்னொரு நாயை அதன் வீட்டில் சேர்ப்பிக்கும் கதையை நீங்கள் விதவிதமாக எழுதி வருகிறீர்கள்; பிள்ளைகளும் சலிக்காமல் கேட்கிறார்கள். அந்தக் கதை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் எழுதவில்லை. கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு உறுத்துவது அதில் ஒரேயொரு பக்கம்தான்: சிறுமி கைகளை விரித்தபடி ஓடிப்போய் அந்த நாயைக் கட்டிக்கொள்ளும் பக்கம்.

பசியிலும் அச்சத்திலும் அலையும் நாய், பெயர் சொல்லி அழைக்கும் உரிமையாளரைக் கண்டே ஓடிவிடுவதுண்டு. துரத்தினால் சாலைக்குள் பாயும். மூலையில் மடக்கினால் கடிக்கும். கடிப்பதற்கு முன் பெரும்பாலும் அது எச்சரிக்கவே செய்கிறது. உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும், பிறகு உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். வாலாட்டுகிறதே என்று நம்பிவிடவும் முடியாது. பதற்றத்திலும் நாய் வாலாட்டும். (நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிக்கும் நாயையே எப்போதும் வரையும் ஓவியர்கள் இந்த முகங்களையும் ஒருமுறை வரைந்து பார்க்கலாம்.) சிறு குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருப்பதால், கடி தலையிலும் முகத்திலும் விழுகிறது. மனிதர்களைத் தாக்கும் வெறிநோயில் (ரேபிஸ்) 99 விழுக்காடு வரை நாய்கள் வழியாகவே வருகிறது என்றும், வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

சரியான முறையில் எழுதினால் கதை சப்பென்று போய்விடும் என அஞ்ச வேண்டியதில்லை. சிறுமி தூரத்திலேயே நின்று, தன் நாயின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, பெரியவர் ஒருவரை அழைக்கட்டும். வந்தவர் அந்நியநாயை நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, உணவைச் சிறிது சிறிதாக வீசிக் காத்திருக்கட்டும். அவர்களது நாய்க்கும் இங்கே உண்மையான வேலை உண்டு. மனிதரை நெருங்க விடாத நாய், அமைதியாகப் படுத்திருக்கும் இன்னொரு நாயைக் கண்டு மெல்லப் பக்கத்தில் வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் இரண்டும் மூக்கோடு மூக்கு உரச விட்டுவிடாதீர்கள். வந்த நாயிடம் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற, நாய்க்கு நாய் பரவும் தொற்றுகள் இருக்கக்கூடும், தன் நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று சிறுமி ஒரு கணம் தயங்குவதே நல்ல காட்சியாகும்.

உரிமையாளரைக் கண்டறிய உதவும் மைக்ரோசிப் வரும் இடத்திலும் கொஞ்சம் கவனம் தேவை. தோலுக்கடியில் செலுத்தப்படும் அரிசியளவு சிப்பில் மின்கலம் கிடையாது. அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. ஸ்கேனரை மேலே ஓட்டும்போது 15 இலக்க எண் ஒன்றை மட்டுமே தரும். தோள்பட்டைகளுக்கு நடுவே போட்டது சில சமயம் நகர்ந்துவிடுவதால், மார்பு, முன்னங்கால் வரை தேடிப் பார்ப்போம். எண் கிடைத்த பின்பும், பதிவேட்டில் அதனுடன் சேர்த்துப் பதிந்த தொலைபேசி எண்ணை உரிமையாளர் மாற்றாமல் விட்டிருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு எங்கே கிடைக்கும்? அடுத்து ஒட்டப்போகும் அறிவிப்பில், வயிற்றிலுள்ள மச்சம் போன்ற ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் மறைத்துவைத்து, என் நாய் என்று வருபவரிடம் அதைக் கேட்கலாம் என்ற யோசனையைச் சிறுமியே சொல்லட்டும். பிள்ளையின் பங்கு அங்கேதான் பெரிதாகிறது.

கதைக்குள் கடியைக் கொண்டுவர உங்களுக்கு மனமில்லாமல் இருக்கலாம், அது புரிகிறது. அப்படியானால் புத்தகத்தின் உள்ளட்டையிலாவது சில வரிகள் சேர்த்துவிடுங்கள்: கடியோ கீறலோ பட்டால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும், திட்டு விழும் என்று பயந்து வீட்டில் மறைக்கக் கூடாது. பெற்றோருக்கும் அங்கேயே ஒரு வரி வேண்டும், பிள்ளை சொல்ல வரும்போது முதலில் திட்டாதீர்கள் என்று.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்