தாடையை எடுக்கும் நாளிலேயே எலும்பு வைக்கவும் அனுமதி கொடுங்கள்

மருத்துவக் காப்பீட்டில் அறுவைச் சிகிச்சைகளுக்கு முன் அனுமதி தரும் அலுவலர்களுக்கு,

வணக்கம். கீழ்த்தாடைக் கட்டியைத் தாடை எலும்போடு அகற்ற அனுமதி கேட்டால் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் எலும்பு வைக்கக் கேட்டால், ‘அழகு சார்ந்தது, பிறகு பார்க்கலாம்’ என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்புகிறது. அந்தப் ‘பிறகு’ பற்றித்தான் எழுதுகிறோம்.

நாக்கை முன்னால் இழுத்து நிறுத்தும் தசைகள் நடுத்தாடையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றன. அந்த வளைவு போனால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். மூச்சுவிடக் கழுத்தில் வைத்த குழாயை எடுக்க முடியாது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். பக்கத் தாடை போனால் மிச்சம் வெட்டிய பக்கமாக ஒதுங்கிவிடும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது. இட்லியைக் கூடக் கரைத்துக் குடிப்பவர் கேட்பது அழகையா?

மிஞ்சிய தாடையை இணைக்கும் டைட்டானியம் பிளேட் மட்டும் போதாதா என்கிறீர்கள். எலும்பின் துணையில்லாத பிளேட் ஒவ்வொரு மெல்லலுக்கும் கொஞ்சம் வளைகிறது. நாளடைவில் ஸ்க்ரூ தளரும், பிளேட் முறியும், அல்லது ரேடியேஷன் பட்டு மெலிந்த தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும். அதை எடுக்கவும் உங்களிடம்தான் அனுமதி கேட்டு வருவோம்.

1989-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹிடால்கோ தாடைக்குப் பயன்படுத்திக் காட்டியது, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமுள்ள மெல்லிய ஃபிபுலா எலும்பு. மேலேயும் கீழேயும் 6 முதல் 8 செ.மீ. விட்டுவிட்டு நடுப்பகுதியை அதன் ரத்தக்குழாயோடு எடுக்கிறோம். மேலே நரம்பு போகிறது. கீழே குறைத்தால் கணுக்கால் ஆடும். தாடை வளைவுக்காக எலும்பைத் துண்டாக்கும்போது ஒரு துண்டு 2 செ.மீ.க்குக் குறைந்தால் ரத்தம் எட்டாமல் செத்துப்போகலாம். எலும்போடு வந்த 2, 3 மி.மீ. அகலமுள்ள ரத்தக்குழாய்களைக் கழுத்து ரத்தக்குழாய்களோடு மைக்ரோஸ்கோப் வழியே 8-0 அல்லது 9-0 எனப்படும் மிக மெல்லிய நைலான் இழையால் தைக்கிறோம். காலுக்கு சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) கேட்பதும் வீண் செலவல்ல: சிலருக்குப் பாதத்துக்குப் போகும் முக்கிய ரத்தமே எலும்போடு எடுக்கும் அந்தக் குழாயில்தான் ஓடுகிறது. தெரியாமல் எடுத்தால் பாதம் போகும்.

ஏன் அன்றே? தாடை முழுதாக இருக்கும்போதுதான் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகக் கடித்த நிலையில் பூட்டி, பிளேட்டை அதன் மேல் வளைத்து, ஸ்க்ரூ துளைகளைப் போட்டுக்கொள்கிறோம். கட்டி வெளியே புடைத்திருந்தால், முப்பரிமாண மாதிரியில் புடைப்பைச் சீவி அதன் மேல் வளைக்க வேண்டும். வெட்டிய பிறகு இந்த அளவு கிடைக்காது. மாதங்கள் கழித்து வந்தால் தசைகள் சுருங்கியிருக்கும்; ரேடியேஷன் பட்ட கழுத்தில் தைக்கத் தகுந்த குழாயைத் தேடுவதே பெரும்பாடு.

ஆபரேஷன் முடிந்த முதல் 2, 3 நாட்கள் மணிக்கொரு முறை ஃபிளாப்பை, அதாவது எலும்போடு சேர்த்து வைத்த தோலையும் சதையையும், பார்க்கிறோம். நீலம் பாரித்து, ஊசியால் குத்தியதும் கறுப்பு ரத்தம் வந்தால் சிரை அடைபட்டிருக்கிறது; வெளுத்துச் சில்லிட்டு ரத்தமே வராவிட்டால் தமனி. சில மணி நேரத்துக்குள் திறந்தால் காப்பாற்ற வழியுண்டு. இரவு 2 மணிக்கு இதற்குத் தனி அனுமதி கேட்டு யாரை எழுப்புவது?

ஆகவே அகற்றுவது, எலும்பு வைப்பது, கால் ஆஞ்சியோ, அவசரத்தில் மீண்டும் திறப்பது ஆகிய நான்கையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். புற்றுநோயாளிகளில் பலருக்கு ஆபரேஷன் முடிந்து 6 வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்க வேண்டும். கோப்பு மேசையில் தங்கினால் ஆபரேஷனும் தள்ளிப்போகிறது. புது எலும்பில் பல் பதிப்பதைத் தனி விண்ணப்பமாகவே வைத்துக்கொள்ளலாம், அது காத்திருக்கும்.

இப்படிக்கு,
தாடை, முக அறுவை மருத்துவர்களும் செவிலியர்களும்