கஞ்சா ‘கம்மி’ மிட்டாயும் மெனோபாஸும்: உங்க கட்டுரைல விட்டுப்போன பாதி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மகளிர் பக்கத்துல, மெனோபாஸ் கஷ்டத்துக்கு கஞ்சா எடுத்துக்குற பெண்கள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். திட்டி எழுதப்போறேன்னு நெனச்சுடாதீங்க. கஞ்சான்னு ஹெட்டிங் பாத்ததும் கலாச்சாரம் கெட்டுப்போச்சுன்னு குதிக்கிற ஆள் நான் இல்ல, சொல்லப்போனா இந்த வயசுல பொம்பளைங்க படுற பாட்டுக்கு ஒரு பேப்பர் முழுப்பக்கம் ஒதுக்குனதே எனக்கு சந்தோஷம்தான். ஆனா முக்கியமான ஒரு விஷயம் அதுல இல்ல. அது இல்லாம மத்ததெல்லாம் இருந்தா, படிக்கிறவங்க ட்ரை பண்ணித்தான் பாப்போமேன்னு கெளம்பிடுவாங்க, என் அக்கா கெளம்புன மாதிரி.

எனக்கு 50 வயசு. பீரியட்ஸ் நின்னு 14 மாசம் ஆகுது. ராத்திரி ரெண்டே முக்காலுக்கு அலாரம் வச்ச மாதிரி முழிப்பு வரும், மொதல்ல நெஞ்சுக்குழில ஒரு படபடப்பு, அடுத்த செகண்டு கழுத்துலேருந்து காது மடல் வரைக்கும் குப்புன்னு சூடு ஏறும், நைட்டி கழுத்த பிழிஞ்சா தண்ணி சொட்டும், நாலு நிமிஷத்துல சூடு போயி அதே ஈரத்துணியோட வெடவெடன்னு குளிரும். ஃபேன கூட்டு, கொற, மறுபடி கூட்டு. பக்கத்துல வீட்டுக்காரர் போர்வைய இழுத்து மூடிட்டு குறட்ட விடுவாரு. இது ஒரு வாரம் ரெண்டு வாரத்து கத இல்ல. அமெரிக்காவுல வருஷக்கணக்கா பெண்கள பின்தொடர்ந்து பாத்த ஸ்வான் ஆய்வுல, இப்படி திடீர்னு சூடு ஏறி வேர்க்குற ஹாட் ஃப்ளாஷ் அடிக்கடி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அது 7.4 வருஷத்துக்கு மேலயே நீடிச்சுதுன்னு 2015ல வெளியிட்டாங்க. அத்தன வருஷம் ஒழுங்கா தூங்காத ஒருத்தி கிட்ட, இத ஒண்ணு வாயில போட்டுக்கோ தூக்கம் வரும்னு யாராவது நீட்டுனா அவ என்ன லேப் ரிப்போர்ட்டா கேப்பா?

அக்கா இருக்கறது கஞ்சாவ சட்டப்படி விக்கிற ஒரு நாடு. அங்க அது மிட்டாய் மாதிரி வருது, பேரு கம்மி. பேருதான் கம்மி. மொத நாள் பாதி கடிச்சிருக்கா, முக்கா மணி நேரம் ஒண்ணும் ஆகல, இதுவும் ஏமாத்து வேலதான்னு மீதி பாதியயும் போட்டுட்டு படுத்துட்டா. ஒன்றரை மணி நேரம் கழிச்சு எனக்கு வீடியோ கால். பாத்ரூம் தரையில செவுத்துல சாஞ்சு உக்காந்துருக்கா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு பேச்சு வரல, "நெஞ்சு ஓடுதுடி, இது ஹாட் ஃப்ளாஷா ஹார்ட் அட்டாக்கான்னு தெரியல"ன்னு அழுவுறா. பொகையா இழுத்தா சில நிமிஷத்துல தெரிஞ்சுடும். முழுங்குனா அப்படி இல்ல, அர மணிலேருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகும், அதுவும் கஞ்சால போதைய குடுக்குற டிஎச்சிங்குற பொருள கல்லீரல் இன்னும் வேகமான ஒரு பொருளா மாத்திதான் ரத்தத்துல விடும், ஒரு தடவ ஏறுச்சுன்னா ஆறு எட்டு மணி நேரம் எறங்காது. வேல செய்யலன்னு நெனச்சு ரெண்டாவது துண்டு போடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பாம். இத உங்க கட்டுரைல ஒரு வரி சொல்லிருக்கலாம்.

சரி, அதோட விட்டாளான்னா இல்ல. டோஸ கொறச்சு, தெனம் கால் துண்டுன்னு ரெண்டு மாசம் எடுத்தா, தூக்கம் வந்துச்சு. நான் இத மறைக்க விரும்பல, நிஜமாவே வந்துச்சு, அவ குரலே தெளிஞ்சுது. அப்புறம் ஒரு வெளிநாட்டு பயணம், கஞ்சா கூடவே கூடாதுங்குற நாடு, அதனால சட்டுன்னு நிறுத்துனா. ரெண்டாம் நாள் ராத்திரிலேருந்து ஆரம்பிச்சுது பாருங்க, படுக்க விரிப்பே நனையுற அளவுக்கு வேர்வ, தூக்கம் சுத்தமா இல்ல, அசந்து கண்ண மூடுனா கண்டபடி கனவு, யாரப் பாத்தாலும் எரிஞ்சு விழறது. போன் பண்ணி என்ன சொன்னா தெரியுமா? "பாத்தியா, மெனோபாஸ் எவ்ளோ முத்திப்போச்சு, இது இல்லாம இனிமே என்னால முடியாதுடி."

இதத்தான் நீங்க எழுதாம விட்டீங்க. தெனம் கஞ்சா எடுத்துட்டு திடீர்னு நிறுத்துனா உடம்பு என்ன பண்ணும்னு 2013லேயே அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு டிஎஸ்எம்-5ல பட்டியல் போட்டுருக்காங்க, எரிச்சல், பதட்டம், தூக்கம் கெடறது, மனசு சோந்துபோறது, வேர்வ, குளிர் நடுக்கம், தலவலி. இந்த பட்டியல மெனோபாஸ் பட்டியல் பக்கத்துல வச்சுப் பாருங்க, அச்சு அசல். நிறுத்துன ஒண்ணு ரெண்டு நாள்ல தொடங்கி, மொத வாரத்துல உச்சத்துக்கு போயி, ரெண்டு மூணு வாரம் வரைக்கும் இழுக்கும். வேற வியாதிக்கு எடுக்குறவனுக்கு இது வந்தா, ஓ இது நிறுத்துனதால வருதுன்னு புரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. நம்ம வயசு பொம்பளைக்கு அந்த வழியே இல்ல, ஏன்னா அவ எதுக்காக மருந்து எடுத்தாளோ அதே மூஞ்சியோட அது திரும்பி வருது, அவளும் மறுபடி டப்பாவ தெறக்குறா.

அக்காகிட்ட ஒரு நல்ல பழக்கம், பழைய டைரி ஒண்ணுல தேதி போட்டு எத்தன தடவ வேர்த்துச்சுன்னு கோடு கிழிச்சு வச்சிருந்தா, நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. பகலுக்கு நீல மை, ராத்திரிக்கு பென்சில். அத நான் வீடியோ கால்ல ஒவ்வொரு பக்கமா காட்டச் சொல்லி பாத்தேன். கம்மி எடுத்த ரெண்டு மாசமும் பென்சில் கோடு நாலுலேருந்து ஒண்ணு ரெண்டா எறங்கிருக்கு, ஆனா நீலக் கோடு ஆறு ஏழு, ஆறு ஏழுன்னு அப்படியே நிக்குது. அதாவது ராத்திரி வேர்வை வந்தா கூட தூக்கத்துல அவளுக்கு தெரியல போலருக்கு, பகல்ல வழக்கம்போல வேர்த்துக்கிட்டேதான் இருந்துருக்கு. நிறுத்துன வாரத்துல பென்சில் கோடு ஒன்பது. கம்மி எடுக்குறதுக்கு முன்னாடி கூட அந்த டைரில ஒன்பது எங்கயும் கெடயாது.

ஒருத்தி டைரிய வச்சு ஒலகத்துக்கு தீர்ப்பு சொல்லக்கூடாதுதான். ஆனா நீங்க காட்டுன ஆய்வுகளும் இதே மாதிரி "எனக்கு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டு வாங்குன கணக்குதானே? 2022ல அமெரிக்காவுல வந்ததுல 258 பெண்கள், அவங்கள்ல 86 சதவீதம் பேர் ஏற்கனவே கஞ்சா எடுக்குறவங்க. நீங்க எழுதுனத படிச்சா மெனோபாஸ் வந்த நூறு பேர்ல 86 பேர் கஞ்சா எடுக்குறாங்கங்குற மாதிரி இருக்கு, டீக்கடைல உக்காந்துட்டு எத்தன பேர் டீ குடிக்கிறீங்கன்னு கேட்ட கணக்கு அது. அடுத்த வருஷம் கனடாவோட ஆல்பர்ட்டா மாகாணத்துல 1,485 பெண்கள்கிட்ட கேட்டது கொஞ்சம் பெருசு, அதுல மூணுல ஒருத்தர் கடந்த 30 நாளுக்குள்ள எடுத்துருக்காங்க, பெரும்பாலும் தூக்கத்துக்காக. தகவல் எங்கேருந்துன்னா இன்டர்நெட்டு, சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ். டாக்டர்கிட்ட கேக்க வேண்டியத கூகுள்கிட்ட கேட்டுருக்காங்க, கேக்குற எடத்துல காது குடுத்துருந்தா ஏன் அங்க போகப்போறாங்க. எனக்கு அந்த ஆய்வுல கண்ணுல பட்டது கஞ்சாவ விட இதுதான்.

கஞ்சாவ ஏன் நம்புறாங்கங்குறதுக்கு அறிவியல் பக்கத்துல ஒரு காரணம் இல்லாம இல்ல. நம்ம உடம்பே கஞ்சா மாதிரி ஒரு பொருள சுரக்குது, 1992ல ஜெருசலேம்ல ரஃபேல் மெக்கூலம் லேப்ல கண்டுபிடிச்சு நம்ம ஆனந்தத்தையே அதுக்கு பேரா வச்சாங்க, ஆனந்தமைடுன்னு. அத ஒடைக்கிற என்சைம் மேல, மெனோபாஸ்ல கொறஞ்சுபோற பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரு புடி இருக்கறத லேப்ல பாத்துருக்காங்க, அதனால ஈஸ்ட்ரோஜன் கொறஞ்சா ஆனந்தமும் கொறயும், வெளிலேருந்து கொஞ்சம் ஊத்தலாம்னு கணக்கு போடுறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹாட் ஃப்ளாஷ் வர்ற எடம் வேற, மூளைக்குள்ள ஹைப்போதலாமஸ்ல உடம்பு சூட்ட பாத்துக்குற நரம்புங்க ஈஸ்ட்ரோஜன் கடிவாளம் போனதும் தறிகெட்டு ஓடுது, முன்னாடி 0.4 டிகிரி ஏறி எறங்குனா கண்டுக்காத உடம்பு இப்ப துளி ஏறுனாலும் தீப்பிடிச்ச மாதிரி வேர்வைய தெறந்து விடுது. கஞ்சா இந்த எடத்த சரி பண்ணுதுன்னு ஒழுங்கான சோதனைல யாரும் காட்டல. ஒழுங்கான சோதனைன்னா பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திர, யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியக்கூடாது. ஹாட் ஃப்ளாஷுக்கு அது ரொம்ப முக்கியம், ஏன்னா வெறும் மாத்திர குடுத்தாலே 20லேருந்து 50 சதவீதம் வரைக்கும் கொறஞ்சுதுன்னு சொல்ற வியாதி இது. அமெரிக்காவோட மெனோபாஸ் நிபுணர்கள் சங்கம் 2023ல ஹார்மோன் இல்லாத சிகிச்சைகள அலசி வெளியிட்ட அறிக்கைல கஞ்சா பொருள்கள ஹாட் ஃப்ளாஷுக்கு பரிந்துரைக்கலன்னு பச்சையா எழுதிட்டாங்க.

விக்டோரியா ராணியே மாதவிலக்கு வலிக்கு கஞ்சா எடுத்தாங்கன்னு வேற போட்டுருந்தீங்க. ராணியோட டாக்டர்ல ஒருத்தரு ரெனால்ட்ஸ், அவரு 1890ல கஞ்சா பத்தி லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல எழுதுனாரு, அது நெஜம். ராணி எடுத்ததுக்கு ஆதாரம்னு ஒரு துண்டு சீட்டு கூட கெடயாது. விக்கிறவங்களுக்கு ராணி தேவைப்படுது, பேப்பருக்கு எதுக்கு?

கஞ்சா செடிலேருந்தே எடுக்குற, போதை இல்லாத சிபிடிங்குற பொருளோட எண்ணெய்னா பயமில்லன்னு சொல்றாங்களே, அதுலயும் டப்பா மேல எழுதுனதும் உள்ள இருக்கறதும் ஒண்ணான்னு பாக்கணும். 2017ல வெளிவந்த ஒரு ஆய்வுல ஆன்லைன்ல வித்த 84 சிபிடி சரக்க வாங்கி டெஸ்ட் பண்ணாங்க, லேபிளோட ஒத்துப்போனது 26தான், 18ல டிஎச்சியே இருந்துச்சு. நம்ம வயசுல ஏற்கனவே நாலு மாத்திர ஓடும், சிபிடி கல்லீரல்ல மத்த மருந்துங்கள ஒடைக்கிற வேலைய மடக்கிடும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்குறவங்களுக்கு அதோட அளவு எகிறி ரத்தக்கசிவு வர்ற ஆபத்து உண்டு. டிஎச்சி எடுத்துட்டு எந்திரிச்சு நின்னா பிரஷர் விழுந்து தல சுத்தும், எலும்பு தேய ஆரம்பிக்கிற வயசுல ராத்திரி இருட்டுல பாத்ரூமுக்கு போற பொம்பளைக்கு அது எங்க கொண்டு போயி விடும்னு நான் சொல்லணுமா.

அப்ப வேற வழி என்னன்னு கேப்பீங்க. வழி இருக்கு, அதத்தான் அதே பக்கத்துல போட்டுருக்கணும். மொத வழி ஹார்மோன் சிகிச்சை. 2002ல அமெரிக்காவுல பெரிய ஹார்மோன் சோதனை ஒண்ண பாதில நிறுத்துனப்ப, ஹார்மோன்னாலே ஆபத்துன்னு பரவுன பயம் இன்னும் போகல, அதுல சேந்தவங்களோட சராசரி வயசு 63ங்குறத யாரும் சொல்றதில்ல. 60 வயசுக்குள்ள, இல்லன்னா பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சா, மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் மாதிரி எதுவும் இல்லாதவங்களுக்கு பொதுவா நன்மதான் அதிகம்னு இப்ப சொல்றாங்க. ஹார்மோன் ஆகாதவங்களுக்கு அந்த மூளை நரம்பயே குறி வச்சு ஃபெசோலினெட்டன்ட்னு ஒரு மாத்திர 2023ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிருக்கு, கல்லீரல் டெஸ்ட் பாத்துக்கிட்டே எடுக்கணும். கொறஞ்ச டோஸ்ல சில மனச்சோர்வு மாத்திரைங்க, கேபாபென்டின்ங்குற நரம்பு மாத்திர, அப்புறம் மருந்தே இல்லாம பேசிப் பேசி யோசிக்கிற விதத்தயும் பழக்கத்தயும் மாத்துற காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி. இந்த கடைசி ஒண்ணையும் சுருக்கி எழுதுனா தமிழ்ல சிபிடிதான், எண்ணெயும் சிபிடிதான், அந்த 2023 அறிக்கைல பரிந்துரைச்சது தெரபியத்தான், எண்ணெய இல்ல, உங்க கட்டுரைல ரெண்டையும் கொழப்பிட்டாங்களோன்னு எனக்கு ஒரு டவுட்டு.

இன்னொண்ணு, பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டர பாக்கணும், கம்மிய போட்டுட்டு தூங்கக் கூடாது.

ஏற்கனவே தெனம் எடுத்துட்டு இருக்கறவங்க இத படிச்சுட்டு நாளைக்கே டப்பாவ தூக்கிப்போட வேணாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும், கொறைக்கிற வாரங்கள்ல வர்ற வேர்வைய மெனோபாஸ் கணக்குல எழுதக்கூடாது. மறுபடி டப்பாவ தெறந்த அக்காவும் கடைசில அப்படித்தான் செஞ்சா. மொத டாக்டர் "வயசானா அப்படித்தாம்மா"ன்னு அனுப்பிட்டாரு, ரெண்டாவது டாக்டரம்மா டைரிய வாங்கி வச்சு கடைசி பக்கம் வரைக்கும் பொரட்டிப் பாத்துட்டு, கம்மிய மூணு வாரத்துல கொறச்சு நிறுத்தச் சொல்லி, தோல்ல ஒட்டுற ஈஸ்ட்ரோஜன் பேட்சும் கர்ப்பப்பை இருக்கறதால கூடவே புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் குடுத்தாங்க. ரெண்டரை மாசம் ஆச்சு, இப்ப நீலக் கோடு ஒண்ணு, சில நாள் அதுவும் இல்ல. அந்த டைரி பக்கங்கள போட்டோ எடுத்து வச்சிருக்கேன், வேணும்னா அனுப்புறேன் சார், அக்கா பேர மட்டும் போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி ஒருத்தி