செயலாளர் ஆண்டறிக்கை: கைதிகள் விடுப்பும் மக்கள் பாதுகாப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. கைதிகளின் குடும்பங்களுக்கான சட்ட உதவி முகாம்கள் தடையில்லாமல் நடந்தன. தணிக்கையான கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் பேசவைத்தது, கைதிகளைச் சில நாள் விடுப்பில் வெளியே விடும் பரோல் விவகாரம்தான். அதை அடியோடு நிறுத்தச் சொன்னவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் காட்டினார்கள். அங்கே 1986-இல் வார இறுதி விடுப்பில் போன ஆயுள் கைதி ஒருவர் திரும்பவில்லை. மறு ஆண்டு மேரிலாந்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து அங்கிருந்தவரைக் கத்தியால் குத்தினார், அவருடைய வருங்கால மனைவியை வன்கொடுமை செய்தார். 1988 அதிபர் தேர்தலில் போட்டியிட்ட அந்த மாநில ஆளுநர் டுகாக்கிஸுக்கு எதிராக இதுவே பெரிய பிரசாரமானது. முதல்நிலைக் கொலைக் குற்றவாளிகளுக்கு விடுப்பே கிடையாது என்று அந்த மாநிலம் அதே ஆண்டு சட்டம் போட்டது. அந்த இருவர் பட்ட பாட்டை ஒழுங்காகத் திரும்பியவர்கள் இத்தனை சதவீதம் என்ற எந்தக் கணக்கும் ஈடுகட்டாது.

ஆனாலும் கதவை மொத்தமாக அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான கைதிகள் என்றைக்காவது வெளியே வரத்தான் போகிறார்கள். பல வருடம் உள்ளேயே இருந்தவரை, தங்க இடமும் வேலையும் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரே நாளில் வாசலில் விடுவதுதான் அக்கம்பக்கத்துக்கு ஆபத்து. ஐ.நா. பொதுச்சபை 2015-இல் ஏற்ற, கைதிகளை நடத்தும் முறை பற்றிய நெல்சன் மண்டேலா விதிகளில் 87-ஆம் விதி, தண்டனை முடியும் முன்பே படிப்படியாகச் சமூகத்துக்குத் திரும்ப வழிசெய்யச் சொல்கிறது. நெருங்கிய உறவினர் சாகக் கிடந்தால், சூழ்நிலை இடம்கொடுக்கும்போது, வழிக்காவலுடனோ தனியாகவோ போக அனுமதிக்கச் சொல்வது 70-ஆம் விதி.

இந்த வாதத்துக்கு நடுவில், அண்ணனைக் கொலைக்குப் பறிகொடுத்த நம் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "பரோல் குடுக்காதீங்கன்னு நான் சொல்லல. பிள்ளையைக் கூட்டிட்டு நடந்து வரேன், அண்ணனைக் கொன்னவன் எதிர்ல வந்து நிக்கிறான். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற வழியா வந்திருப்பேன்ல?" என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. விடுப்பு மனுவில் கைதியின் முகவரி, ஜாமீன்தாரர், காவல்துறை அறிக்கை எல்லாம் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே ஒரு தீர்மானம் போட்டோம். யாரை விட்டாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். எந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது என்று அவர்களைக் கேட்டு நிபந்தனை எழுத வேண்டும். தங்கப்போகும் வீட்டை நன்னடத்தை அலுவலர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் அந்த மணி நேரத்திலேயே பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் செய்தியில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது.

சிறை நிர்வாகத்துக்கு மனு போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. புதிய செயற்குழு இதைக் கைவிடாமல் தொடர வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டு, இவ்வறிக்கையைத் தங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்