ராட்டினத்துக்கு இருக்கும் பயம் படகுக்கு ஏன் இல்லை?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவன் நடக்கத் தொடங்கிய சூட்டோடு ஓடவும் தொடங்கிவிட்டான் என்று எழுதியிருந்தாய். இனி உன் வீட்டுப் பொருள்களெல்லாம் ஒவ்வொன்றாக அலமாரி உச்சிக்குக் குடிபோய்விடும், பார். பிள்ளைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு உன் முழங்கால் வலிக்கு அரை வரி ஒதுக்கியிருக்கிறாய். அதை நான் கவனிக்காமல் விட்டுவிடுவேன் என்று நினைத்தாயோ? முதலில் டாக்டரைப் போய்ப் பார். இங்கே எல்லோரும் நலம். என் மூத்தவன் என்னைவிட உயரமாகிவிட்டான். எங்கே கூப்பிட்டாலும் "நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்கிறான். உன் வீட்டில் இப்போது நடக்கும் கூத்தெல்லாம் எங்கள் வீட்டில் முடிந்துபோன அத்தியாயம். கடிதம் நீண்டால் அதனால்தான் என்று பொறுத்துக்கொள்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துப்போவது என்பதில் உங்கள் வீட்டில் நடந்த விவாதத்தை ரசித்துப் படித்தேன். ராட்சத ராட்டினம் என்றதுமே அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார், ஆகவே தீம் பார்க் வேண்டாம், பயமில்லாமல் படகுச் சவாரி போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. எனக்கு அந்த 'ஆகவே'யோடுதான் சண்டை. படகுக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் பயத்தைக் கரையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போகாதீர்கள். உயரம், வேகம், சத்தம் இந்த மூன்றையும் கண்டால்தான் நமக்கு ஆபத்து நினைவுக்கு வருகிறது. தண்ணீரிடம் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

ரோலர் கோஸ்டரையே எடுத்துக்கொள். 1884 இல் அமெரிக்காவின் கோனி தீவில் தாம்சன் என்பவர் அமைத்த சறுக்கு ரயில் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது. அதற்கே கூட்டம் முண்டியடித்தது. பிறகு வேகம் கூடக் கூட, பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிடாதபடி அடியிலும் சக்கரம் பொருத்தும் முறையை ஜான் மில்லர் கண்டுபிடித்து 1919 இல் காப்புரிமை வாங்கினார். இன்றைய பெட்டிகள் தண்டவாளத்தை மேலும் கீழும் பக்கவாட்டிலும் கவ்விக்கொண்டு ஓடுகின்றன. தலைகீழாகச் சுற்றும் வளையத்தைத் தொடக்க காலத்தில் முழு வட்டமாகக் கட்டினார்கள். அதில் போனவர்களின் கழுத்து பாடாய்ப் பட்டது. 1976 இல் வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் அதை நீர்த்துளி வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. பயமுறுத்திக்கொண்டே பத்திரமாக இறக்கிவிடுவதுதான் அந்தத் தொழில். நூறு ஆண்டுக்கு மேலாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பராமரிப்பு ஒழுங்காக நடக்கிற இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நேற்று இரவு வந்து இறங்கி இன்று காலை சுற்றத் தொடங்கிய துருப்பிடித்த ராட்டினத்தைப் பார்த்தால் நானும் அம்மாவின் கட்சிதான்.

தீம் பார்க் போனால் நீ மதிக்க வேண்டியது வாசலில் நிற்கும் அந்த அளவுகோலை. இத்தனை சென்டிமீட்டர் உயரம் இல்லாவிட்டால் ஏற முடியாது என்றதும் பல அப்பாக்களுக்கு மானப் பிரச்சினையாகிவிடுகிறது. "என் பெண்ணுக்குப் பயமே கிடையாது" என்று வாதாடுகிறார்கள். அளவுகோல் தைரியத்தை அளப்பதற்காக அங்கே இல்லையே! உடலைப் பிடித்துவைக்கும் கம்பியும் பட்டையும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்யப்பட்டவை. அதைவிடச் சிறிய உடல் நழுவிவிடும். காலணிக்குள் காகிதம் மடித்துவைத்துப் பிள்ளையை உயர்த்தும் கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் தலைக்கேறும். இன்னொன்று, இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பி இறங்குகிற இருக்கையில் பெரியவர் பக்கத்தில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்தால், கம்பி பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளிதான் மிஞ்சும். அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்ற தைரியம் அங்கே எதற்கும் உதவாது.

இப்போது சொல்லப்போவதை நம்பச் சிரமப்படுவாய். சாதாரணப் பூங்காவில் சறுக்கு மரம் இருக்கிறதல்லவா? ஒன்றரை வயதுக் குழந்தை தனியாகச் சறுக்கினால் விழுந்துவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டு நாமும் சேர்ந்து சறுக்குவோம். எலும்பு மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்வது அதைத்தான். குழந்தையின் காலணி பக்கச் சுவரில் உரசி நின்றுவிடும். நம் எடை முழுவதும் சேர்ந்து கீழே இழுக்கும். நடுவில் மாட்டிய முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்துவிடும். தனியாக வந்தால் கால் மாட்டினாலும் குழந்தை அப்படியே நின்றுவிடும், அதன் எடை அவ்வளவுதான். சின்னவன் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறான். மடியில் வைத்து மட்டும் சறுக்காதே. பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள், போதும். காற்றடைத்த துள்ளல் கோட்டையும் இந்த வகைதான். மெத்தென்று இருப்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது பிரிட்டனில் கடைப்பிடிக்கும் விதி. முளையடித்துக் கட்டியிருக்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விடு.

சரி, படகுக்கு வருகிறேன்.

2021 இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் 5 வயது நிரம்பாதவர்கள். எல்லாம் படகு விபத்துகள் அல்ல. குளம், கிணறு, தொட்டி என்று எல்லாம் சேர்ந்த கணக்கு. ஆனாலும் தண்ணீருக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளை என்றால் எனக்கு இந்த எண்தான் கண் முன்னால் வருகிறது. மூழ்குகிறவர் கையை ஆட்டுவார், காப்பாற்றுங்கள் என்று கத்துவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் பல காலம் கவனித்துப் பதிவு செய்தது நேர்மாறானது. வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது. கத்துவதற்கு மூச்சு எங்கே? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும். தூக்கி ஆட்ட முடியாது. இப்படி நீர்மட்டத்தில் போராடுவது 20 முதல் 60 விநாடிகள்தான். அத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும். ஆகையால் 'குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கலாம்' என்கிற ஏற்பாடு தண்ணீரில் செல்லாது.

லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் எதையோ மாட்டிவிட்டார்கள் என்று திருப்திப்பட்டுவிடாதே. பெரியவர்களுடையதைப் பிள்ளைக்குப் போட்டுப் பட்டையை இறுக்கினால் தண்ணீரில் அது மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். எத்தனை கிலோ எடைக்கானது என்று உள்பக்கம் அச்சிட்டிருக்கும், படித்துப் பார். போட்ட பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கு. ஜாக்கெட் காது வரை ஏறி வந்தால் அது அவனுக்கானது அல்ல. சின்னவனுடைய வயதுக்குக் கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பகுதியும், தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையும், பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடியும் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுச் சாமான்; அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதே. பொருத்தமானது இல்லை என்று சொன்னால், பெரியவளை மட்டும் அழைத்துக்கொண்டு ஏறு. சின்னவன் கரையில் பாட்டியோடு வாத்துகளை வேடிக்கை பார்க்கட்டும். அவனுக்கு அதில் குறை ஒன்றும் தெரியாது. முகம் தொங்கப்போவது உனக்குத்தான்.

ஏறிய பிறகு கவிழ்ப்பது பெரும்பாலும் நாமேதான். ஒரே பக்கம் அழகான காட்சி தெரிந்தால் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்வோம். படம் எடுக்க ஒருவர் எழுந்து நிற்பார். எடை மேலே ஏற ஏறப் படகின் நிதானம் குறையும். பெரியவளுக்கு முன்கூட்டியே சொல்லிவை: உட்கார்ந்த இடம் உட்கார்ந்த இடம்தான். இருக்கைக்கு அதிகமாக ஆள் ஏற்றினால் கொடுத்த டிக்கெட் காசைப் பற்றி யோசிக்காமல் இறங்கிவிடு. அதையும் மீறிக் கவிழ்ந்தால், கரை பக்கத்தில்தானே என்று நீந்த முயலாமல் படகைப் பிடித்துக்கொள்வதுதான் முறை. கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும்; தேடி வருகிறவர்கள் கண்ணுக்கும் அதுதான் முதலில் படும்.

பெரியவளுக்குக் காரில் குமட்டும் என்று எழுதியிருந்தாயே, படகிலும் வரலாம். உள்காது 'ஆடுகிறது' என்கிறது, கண் 'ஆடவில்லை' என்கிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல். நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அங்கே உட்கார வை. தொலைவில் தெரியும் கரையைப் பார்க்கச் சொல். தரைமட்டத்திலேயே சுழலும் தேநீர்க் கோப்பைச் சவாரிகளும் அவளுக்கு ஆகாது என்பது என் ஊகம். ராட்சத ராட்டினத்தில் அவள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். மெதுவாகத்தானே சுற்றுகிறது!

கடைசியாக உன் புலம்பல். பிள்ளைகள் விளையாட, நாம் பெஞ்சில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். வால்ட் டிஸ்னிக்கும் இதே குறைதான். மகள்களைக் குதிரை ராட்டினத்துக்கு அழைத்துப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தது. உனக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பல பூங்காக்களில் ஒரு வசதி உண்டு: குடும்பமாக வரிசையில் நின்று, ஒருவர் ஏறும்போது மற்றவர் சின்னவனை வைத்துக்கொள்ளலாம், இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்காமல் ஆள் மாற்றிக்கொள்ளலாம். வாசலிலேயே கேட்டுவிடு. உன் மனைவியையும் ஏறச் சொல். எப்போதும் அவளே பைக்குக் காவல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உள்ளே நுழையும் முன் பிள்ளைகளை அன்று போட்ட உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள். தொலைந்தால் சட்டை நிறம்கூட நினைவுக்கு வராது. தொலைபேசி எண்ணைக் கையில் எழுதிவிடு. வழி தவறினால் நம்மைத் தேடி ஓடாமல் அங்கேயே நிற்கவும், சீருடைக்காரரிடமோ பிள்ளைகளோடு வந்திருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்லவும் பெரியவளுக்குப் பழக்கு.

அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, ஆனால் எண்கள் வரும் பகுதியைப் படிக்காதே. அப்புறம் பிள்ளைகளைக் குளியலறைக்குக்கூட அனுப்பமாட்டார். பெரியவளின் உயரத்தை அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. முழங்காலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுது, இந்த முறை முழு வரியாக.

அன்புடன்,
உன் பழைய நண்பன்