கடல்மண்

திருகோணமலை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எப்போது எடுத்தாலும் "மீட்டிங் அப்பா, பிறகு எடுக்கிறேன்" என்கிறாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. கோபமில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. பின்வளவு முருங்கை காற்றுக்கு முறிந்துவிட்டது. வேறு புதினம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

வருசத்துக்கு வந்தபோது நீ மேசையில் விரித்திருந்த கட்டடப் படத்தைப் பார்த்தேன். நீ காட்டவில்லை, நானாகத்தான் பார்த்தேன். அந்த மாதிரிக் கோடு என் கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. பெரியமாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் நீச்சல் குளத்துக்கு முன்னால் வெறும் மணலாக விட்டிருக்கிறாயே, அது வெறும் மணல் இல்லை, பிள்ளை. கரைவலைப் பாடு, கரையில் நின்று வலை இழுக்கிற இடம். இரண்டு கயிறும் தொடங்கும்போது எவ்வளவோ தூரம் தள்ளி நிற்கும். இழுக்க இழுக்க இரண்டு பக்கத்து ஆட்களும் கரையோடு நகர்ந்து கிட்ட வருவார்கள். நடுவில் ஒரு வேலித்தூண் நின்றால் போதும், வலை ஏறாது. சின்னதில் நீயும் அந்தக் கயிற்றில் தொங்கினவள்தானே!

மொறட்டுவையில் படிக்கும்போது நீதான் எனக்குச் சொன்னாய், கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா கண்டி வட்டபுளுவையில் வீட்டுத்திட்டம் போடும் முன் குடியிருக்க வரும் ஆட்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டார் என்று. 1958இல் ஏற்பட்ட திட்டம் அது. அன்றைக்கு உன் கண் மின்னியது எனக்கு நினைவிருக்கிறது. வலைக்குச் சொந்தக்காரரான இந்தச் சம்மாட்டியிடம் யாராவது கேட்டார்களா?

சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்றார்கள். தெற்கில் 100. இந்தச் சனம் உள்ளே போனது. சட்டம் பிறகு தளர்ந்தது, போன எல்லோரும் திரும்பவில்லை. வீடு ஓரிடம், தோணி ஓரிடம். பாடு மட்டும்தான் மிச்சம்.

பார்க்காமல் கையெழுத்து வைக்காதே. இதை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், தெரியும். சொல்லத் தகுதி இருக்கிறதா என்பது வேறு கதை. அதையும் எழுதிவிடுகிறேன்.

2005இல், உள்ளே போன இந்தச் சனத்துக்குக் கட்டின வீட்டுத்திட்டத்தில் வேலையை அளந்து அளவுப் புத்தகம் எழுதியது நான். ஒருநாள் லொறியில் மணல் வந்தது. பில்லில் ஆற்றுமண். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. கழுவச் சொல்லியிருக்கலாம், திருப்பி அனுப்பியிருக்கலாம். சனம் தகரக் கொட்டிலுக்குள் வேகிறது, மாரிக்கு முன் கூரை ஏறவேண்டும் என்று எனக்கு நானே சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் கொந்தராத்துக்காரன் தந்த உறையும் லாச்சிக்குள் இருந்தது. உன் ரியூசன் காசு அதிலிருந்துதான் போனது. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

உப்பு உள்ளேயே இருந்து வேலை செய்யும். கம்பி கறள் பிடித்து ஊதும், கொங்கிரீட் வெடிக்கும். போன கிழமை மீன்சந்தையில் ஒரு மனிசி, "ஐயா, நீங்கள் நின்று கட்டின வீட்டில் நிலைக்கு மேல் லிண்டல் கழன்று பேரனின் பாயில் விழுந்தது, நல்லகாலம் பிள்ளை முற்றத்தில் நின்றான்" என்றது. சண்டைக்கு வரவில்லை. நல்ல பாரையாகப் பார்த்துத் தெரிந்து தந்தது. அந்த மீனை என்னால் தின்ன முடியவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

வெள்ளி இரவு ரயிலில் ஏறினால் சனி காலை இங்கே நிற்பாய். ஞாயிறு விடிய வலை இழுக்கிறார்கள். படத்தையும் கொண்டு வா. வெயில் ஏற முன் அந்த வீட்டு லிண்டலையும் ஒருக்கால் பார்க்கவேண்டும். எனக்கு இப்போது ஏணியில் ஏறினால் தலை சுற்றுகிறது.

அன்புடன்,
அப்பா